எக்ஸ்ரேயில் சுத்தமான படிகம், காந்த அளவீட்டில் கண்ணாடி: இது எப்படி?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்டிப் பக்கமிருந்து எம்எஸ்சி ப்ராஜெக்ட் செய்கிறீர்கள். டெர்பியம், இன்னொரு உலோகம், சிலிக்கன் மூன்றும் 2-1-3 விகிதத்தில் சேர்ந்த ஒரு சேர்மத்தை வெளியூர் ஆய்வகம் ஒன்றில் கொடுத்து அளந்து வாங்கியிருக்கிறீர்கள். வெப்பநிலை மாற மாறக் காந்தமாக்கம் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தில், காந்தப்புலம் இல்லாமல் குளிரவைத்து அளந்த கோடும், புலத்தோடு குளிரவைத்து அளந்த கோடும் 12 கெல்வினுக்குக் கீழே பிரிந்துபோகின்றன. எக்ஸ்ரேயில் ஒரே கட்டம்தான், அதாவது வேறு சேர்மம் எதுவும் கலந்ததாகத் தெரியவில்லை, கூர்மையான கோடுகள். வழிகாட்டி "ஸ்பின் கிளாஸ் என்று எழுதிவிடுங்கள்" என்கிறார். உங்களுக்கோ, படிகமாக இருக்கும் ஒன்றை எப்படிக் கண்ணாடி என்பது என்று மனம் ஒப்பவில்லை.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒழுங்கான படிகத்துக்குள் ஒழுங்கில்லாமல் இருப்பது எது என்பது ஒன்று. அந்த ஒரு பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பின் கிளாஸ் என்று எழுதலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லலாம்: கூடாது. ஏன் என்பதற்கு முதல் கேள்வி வழியாகத்தான் போக வேண்டும். இந்தச் சேர்மங்களை உருக்கி, அளந்து, ஆறு வருடம் ஓர் ஆய்வகத்தில் கழித்துவிட்டு, இப்போது நம் மாவட்டத்திலேயே இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜன்னல் கண்ணாடியில் ஒழுங்கில்லாமல் இருப்பவை அணுக்கள் உட்கார்ந்திருக்கும் இடங்கள். ஸ்பின் கிளாஸில் அணுக்கள் அவற்றின் இடத்தில் ஒழுங்காகத்தான் இருக்கும். ஒழுங்கில்லாமல் உறைந்துபோவது அவற்றின் காந்தத் திருப்புத்திறன் காட்டும் திசை. ஒவ்வொரு அணுவும் சுமக்கும் அந்தச் சிறு காந்தத்தைத்தான் ஸ்பின் என்கிறோம். ஃபெர்ரோ காந்தத்தில் எல்லா ஸ்பின்களும் ஒரே பக்கம் பார்க்கும். எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் மாறி மாறிப் பார்க்கும். ஸ்பின் கிளாஸில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்தபடி நின்றுவிடும். ஒரு கணத்தில் படம் எடுத்தால், சூடாக இருக்கும் பாராகாந்தமும் இதுவும் ஒன்றுபோலவே தெரியும், கூட்டினால் இரண்டிலும் சுழியம். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது படம் எடுத்தால்தான் வித்தியாசம் புரியும். பாராகாந்தத்தில் எல்லாம் மாறியிருக்கும், கண்ணாடியில் முன்பு பார்த்த திசையிலேயே இருக்கும். எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் 1975-ல் கொடுத்த ஒழுங்களவு இதுதான்: ஒரே ஸ்பின்னை இப்போதும் நெடுநேரம் கழித்தும் பார்த்து, தன்னோடு தான் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கேட்பது. ஆகவே "இது ஸ்பின் கிளாஸ்" என்று எழுதும்போது நீங்கள் நேரத்தைப் பற்றித்தான் ஒன்றைச் சொல்கிறீர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சரி, உங்கள் டெர்பியம் சேர்ந்த அருமண் தனிமங்களுக்கு வருவோம். இவற்றின் காந்தம் 4எஃப் என்ற கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்களிலிருந்து வருகிறது. அந்தக் கூடு அணுவுக்குள்ளே ஆழத்தில் இருக்கிறது. பக்கத்து அணுவின் 4எஃப் கூட்டை அது தொடுவதேயில்லை. அப்படியானால் ஓர் அணுவின் திசை அடுத்த அணுவுக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஓடித்திரியும் கடத்து எலக்ட்ரான்கள் வழியாகத்தான். பாக் நீரிணைப் பக்கம், நம் ஆட்கள் பெண்கடல் என்று சொல்லும் அந்த அமைதியான தண்ணீரில், ஊன்றிவைத்த ஒரு கம்பை அசைத்துப் பாருங்கள். சுற்றிலும் வளைய வளையமாக மேடும் பள்ளமும் பரவி, தூரம் போகப் போக அடங்கும். ஒரு 4எஃப் ஸ்பின் தன்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் கடலில் அப்படி ஒரு காந்த அலையை உண்டாக்குகிறது. ஒரு வித்தியாசம், இந்த அலை ஓடாது, நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டாவது ஸ்பின் மேட்டில் இருந்தால் முதலாவதோடு ஒத்துப்போக விரும்பும். பள்ளத்தில் இருந்தால் எதிர்த்து நிற்க விரும்பும். ருடர்மேனும் கிட்டலும் 1954-ல் அணுக்கரு ஸ்பின்களுக்குத் தொடங்கிவைத்ததை, 1956-ல் கசுயாவும் 1957-ல் யோசிடாவும் விரித்தார்கள். நான்கு பேரின் முதலெழுத்தையும் சேர்த்து ஆர்கேகேஒய் என்கிறோம். தூரத்தின் மூன்றாம் படிக்குத் தலைகீழாகக் குறையும், வழியில் குறியை மாற்றி மாற்றிக்கொண்டே போகும். நம் கதை முழுவதும் அந்தக் குறி மாற்றத்தில்தான் தொங்குகிறது.

கடோலினியம் மாதிரி தனி உலோகத்தில் எல்லாத் தூரங்களின் கணக்கும் கூடி ஒரே பக்கம் சாய்ந்துவிடுகிறது. சுமார் 293 கெல்வினில், அதாவது 20 டிகிரி செல்சியஸில், அது ஃபெர்ரோ காந்தமாகிறது. நம் கரையில் மார்கழி விடியலில்கூட அவ்வளவு குளிர்வதில்லை. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த கடோலினியத் துண்டு காந்தத்தில் கப்பென்று ஒட்டும், வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் பிடி தளர்ந்துவிடும். மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அடுத்தது ஃபிரஸ்ட்ரேஷன். வகுப்பில் நான் இதைத் "தவிப்பு" என்று சொல்வேன். மூன்று ஸ்பின்கள் ஒரு முக்கோணத்தின் மூலைகளில், ஒவ்வொரு ஜோடியும் எதிரெதிர் திசையில் நிற்க விரும்புகிறது என்று வையுங்கள். முதலாவது மேலே, இரண்டாவது கீழே. மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் இருவரில் ஒருவரோடு ஒத்துப்போகாது. எதிரிக்கு எதிரி நண்பன் என்று நாம் சொல்வது இங்கே செல்லாது, ஏனென்றால் மூவருமே ஒருவருக்கொருவர் எதிரி. இதற்குப் பொதுவான விதியை டூலூஸ் 1977-ல் சொன்னார்: எந்த மூடிய வளையத்தை எடுத்தாலும் அதில் பகை இணைப்புகளை எண்ணுங்கள்; எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் அந்த வளையம் தவிக்கும், இரட்டைப்படை என்றால் எல்லாரையும் திருப்திப்படுத்த ஒரு வழி இருக்கும். முக்கோணமே வேண்டும் என்பதில்லை. ஒரு சதுரத்தில் மூன்று பகை, ஒரு நட்பு இருந்தாலும் போதும். தவிப்பு வடிவத்திலிருந்தும் வரலாம், இணைப்புகளின் குறி கலைந்திருப்பதிலிருந்தும் வரலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் எத்தனையோ கட்டுரைகள் தடம் மாறியிருக்கின்றன.

வடிவத்திலிருந்து வரும் தவிப்பை நம் கரையிலேயே கையில் தொட்டுப் பார்க்கலாம். கீழக்கரைப் பக்கம் மன்னார் வளைகுடாவில் பாறை மீன் பிடிக்கப் போடும் கூடு பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் மாலை ஒருவர் கரையில் உட்கார்ந்து கூடு பின்னிக்கொண்டிருந்தார். மூன்று திசையில் குச்சிகள் ஓடுகின்றன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி, நடுவில் அறுகோணமாக ஓட்டை விழுகிறது, ஒவ்வொரு அறுகோணத்தையும் சுற்றிச் சின்னச் சின்ன முக்கோணங்கள். "இந்த ஓட்டைக்கு என்னண்ணே பேரு?" என்றேன். "கண்ணு தம்பி, வேறென்ன" என்றார். ஜப்பானியர்கள் இதே பின்னலை ககோமே என்கிறார்கள். ககோ என்றால் கூடை, மே என்றால் கண். 1950-களில் ஜப்பானிய இயற்பியலாளர்கள் இந்த அணிக்கோவைக்கு, அதாவது அணுக்கள் இப்படி அடுக்கியிருக்கும் வலைக்கு, அந்தப் பெயரையே வைத்தார்கள், உலகம் முழுவதும் அதுவே நிலைத்துவிட்டது. அந்தக் கூட்டில் குச்சிகள் குறுக்கிடும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஸ்பின்னை வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் இரண்டு முக்கோணங்களுக்குப் பொது. ஒரு முக்கோணத்தைச் சரிசெய்தால் பக்கத்து முக்கோணம் கெடும், ஆனால் கெடாமல் தப்பும் வழிகளும் ஏராளம். குறைந்த ஆற்றல் நிலை ஒன்றல்ல, எண்ணிலடங்காதவை.

இது வெறும் கற்பனை அணிக்கோவை இல்லை. ஹோல்மியம், வெள்ளி, ஜெர்மானியம் மூன்றும் சம அளவில் சேர்ந்த சேர்மத்தில் ஹோல்மியம் அணுக்கள் சற்றே திருகிய ககோமே தளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு முக்கோணத்திலும் இரண்டு ஸ்பின் உள்ளே, ஒன்று வெளியே, அல்லது ஒன்று உள்ளே, இரண்டு வெளியே என்ற விதி அங்கே நடப்பதை 2020-ல் காட்டினார்கள். சீரியம், பலேடியம், அலுமினியம் சேர்ந்த இன்னொரு சேர்மம் எனக்கு இன்னும் பிடித்தது. 2.7 கெல்வினுக்குக் கீழே அதில் மூன்றில் இரண்டு பங்கு சீரியம் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது, மீதி ஒரு பங்கு சேராமலே நிற்கிறது. ஒரு சிலரை வெளியே நிறுத்தி மற்றவர்கள் தங்கள் தவிப்பைத் தீர்த்துக்கொள்கிறார்கள். நியூட்ரான் சிதறலில் இது நேரடியாகத் தெரிந்தது. முக்கோண அணிக்கோவையில் மேல்-கீழ் மட்டும் பார்க்கும் ஸ்பின்களை வைத்தால், சுழி கெல்வினிலும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மிஞ்சும் என்று வானியர் 1950-லேயே காட்டியிருந்தார்; பின்னால் திருத்திய எண், ஒரு ஸ்பின்னுக்கு 0.323 போல்ட்ஸ்மன் மாறிலி. மீதம் வைப்பது தவிப்பின் இயல்பு.

இப்போது முக்கியமான இடம். தவிப்பு மட்டும் இருந்தால் கண்ணாடி வராது. உங்கள் சேர்மத்தின் உறவுக்காரச் சேர்மமே சாட்சி. இரண்டு கடோலினியம், ஒரு பலேடியம், மூன்று சிலிக்கன் சேர்ந்ததில் கடோலினியம் முக்கோண வலையில்தான் இருக்கிறது, தவிப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் சுமார் 21 கெல்வினில் அது காந்த ஒழுங்குக்கு வருகிறது. புலம் கொடுத்தால் சுமார் 2.5 நானோமீட்டர் அளவுள்ள ஸ்கிர்மியான் என்ற சுழல்கள் அணிவகுத்து நிற்பதை 2019-ல் கண்டுபிடித்தார்கள். தவிப்பு அங்கே கலைத்துப்போடவில்லை, ஸ்பின்களைச் சுருட்டி ஓர் அழகான ஒழுங்கை உண்டாக்கிவிட்டது. கண்ணாடி வர இன்னொன்றும் வேண்டும். இணைப்புகள் இடத்துக்கு இடம் மாற வேண்டும், அதுவும் உறைந்த மாதிரி மாற வேண்டும்.

அது உங்கள் மாதிரியில் எங்கே இருக்கிறது? இந்த 2-1-3 சேர்மங்கள் அலுமினியம் டைபோரைடின் அமைப்பிலிருந்து பிறந்தவை. முக்கோணத் தளத்தில் டெர்பியம். அதற்கு மேலும் கீழும் தேன்கூட்டுத் தளங்கள். அந்தத் தளத்தை உலோகமும் சிலிக்கனும் பங்குபோட்டுக்கொள்கின்றன, நான்கு இருக்கையில் ஒன்று உலோகத்துக்கு, மூன்று சிலிக்கனுக்கு. யார் எந்த இருக்கை என்பது முறையாக இருந்தால் மேலணி என்று ஒரு பெரிய ஒழுங்கு உண்டாகும். அப்படியில்லாமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு டெர்பியத்தையும் சுற்றியிருக்கும் கூட்டம் வேறு வேறு. காந்தமில்லாத அந்த அணுக்கள்தான் கடத்து எலக்ட்ரான்களை வளைக்கின்றன. நான் சொன்ன அலையின் மேடு ஓரிடத்தில் கொஞ்சம் தள்ளிப்போனால் போதும், ஒரு ஜோடியின் நட்பு பகையாகிவிடும். டெர்பியம் தன் இடத்தைவிட்டு நகரவேயில்லை. இணைப்புகளின் குறி மட்டும் கலைந்துவிட்டது. காந்தமில்லாத அணுக்களின் குழப்பத்தால் வரும் ஸ்பின் கிளாஸ் என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. யுரேனியம், சீரியம், நியோடிமியம் சேர்மங்களில் 1990-களிலிருந்து இதை விரிவாக அளந்திருக்கிறார்கள்.

எக்ஸ்ரே ஏன் உங்களுக்கு இதைச் சொல்லவில்லை? அது காட்டுவது சராசரியை. ஒவ்வொரு இருக்கையிலும் கால் பங்கு உலோகம், முக்கால் பங்கு சிலிக்கன் என்று சராசரி எடுத்தால் கச்சிதமான படிகம் கிடைக்கும், கோடுகளும் கூர்மையாகவே விழும். குழப்பம் பின்னணியில் மங்கலாகப் பரவிக் கிடக்கும், சாதாரணப் பொடி எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் படாது. சிறு கோணத்தில் மேலணியின் பலவீனமான கோடுகள் இருக்கின்றனவா என்று உங்கள் தரவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இல்லையென்றால் கலந்து உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மங்கலாக, அகலமாக இருந்தால் ஒழுங்கு சிறு சிறு பகுதிகளில் மட்டும் இருக்கிறது என்று பொருள். "சுத்தமான படிகம், ஆகவே ஒழுங்கான இணைப்புகள்" என்று நீங்கள் போட்ட ஆகவேதான் இங்கே தப்பு.

ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. பிரேசியோடிமியம், இரண்டு தங்கம், இரண்டு சிலிக்கன் சேர்ந்த சேர்மம் சுமார் 3 கெல்வினில் ஸ்பின் கிளாஸ் ஆகிறது. அதில் அணிக்கோவை குழம்பியிருப்பதற்கான தடயமே சிக்கவில்லை. பிரேசியோடிமியத்தின் அடிமட்ட நிலைக்குச் சொந்தமாகக் காந்தம் கிடையாது. மேல்மட்ட நிலையோடு கலந்துதான் காந்தம் பிறக்க வேண்டும். அந்தக் கலப்பு நிகழ்வதற்கும் நிகழாமல் போவதற்குமான விளிம்பில் அந்தச் சேர்மம் நிற்கிறது. மேல்மட்ட நிலைகளின் அலைவே இணைப்புகளைக் குலைக்கிறது, உறைந்த குழப்பம் தேவையில்லை என்று 2008-ல் ஒரு விளக்கம் வந்தது. எனக்கு அது நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. ஆனால் ஒரு சேர்மத்தை வைத்துப் பொது விதி எழுதமாட்டேன். டெர்பியத்துக்கு அதை அப்படியே பெயர்த்து வைக்காதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கோடுகள் பிரிவது என்றால், புலத்தோடு குளிர்ந்தபோது போய்ச் சேர்ந்த நிலைக்கு, புலமில்லாமல் குளிர்ந்தபோது போய்ச் சேர முடியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். வழியில் ஏதோ ஒரு தடை. ஸ்பின் கிளாஸ் அந்தத் தடைக்கு ஒரு காரணம். சாதாரண ஃபெர்ரோ காந்தத்தில் டொமைன் சுவர்கள், அதாவது வேறு வேறு பக்கம் பார்க்கும் பகுதிகளுக்கு நடுவிலுள்ள எல்லைகள், மாட்டிக்கொண்டாலும் இதே படம் வரும். நானோ அளவுக் காந்தத் துகள்கள் தடைபட்டாலும் வரும். எக்ஸ்ரேயில் பிடிபடாத ஒன்றிரண்டு சதவீத வேற்றுக் கட்டம் இருந்தாலும் வரும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆய்வின் இரண்டாம் வருடம், என்னுடையதும் ஒரு டெர்பியம் சேர்மம். ஆர்கான் நிரப்பிய ஆர்க் உலையில் துண்டுகளை உருக்கி, செப்புத் தட்டில் ஐந்து முறை புரட்டிப் புரட்டி மறுபடி உருக்கி, எடை குறையவில்லை என்று பார்த்து, குவார்ட்ஸ் குழாயில் அடைத்து ஒரு வாரம் 800 டிகிரியில் பதப்படுத்தி எடுத்த பட்டன் (உருக்கிய உலோகக் கட்டி) அது. கோடுகள் பிரிந்ததைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி, தலைப்பிலேயே ஸ்பின் கிளாஸ் என்று போட்டுவிட்டேன். ஆய்வகத்தில் மூத்த அக்கா ஒருவர் தாளைப் படித்துவிட்டு, "ஏசி போட்டுப் பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார், அதாவது மாறிக்கொண்டேயிருக்கும் சிறு காந்தப்புலத்தில் வேறு வேறு அதிர்வெண்களில் அளந்தாயா என்று. அன்று இரவே போட்டேன். 1 ஹெர்ட்ஸிலும் 1000 ஹெர்ட்ஸிலும் முகடு இம்மியும் நகரவில்லை. அப்புறம் 2 கெல்வினில் காந்தச் சுழல்வரை எடுத்தபோது அகலமான, சதுரமான ஹிஸ்டெரிசிஸ் (புலத்தை எடுத்த பிறகும் காந்தம் மீளாமல் பின்தங்குவது). டெர்பியத்துக்குத் திசைப்பிடிவாதம் மிக அதிகம், அதனால் டொமைன் சுவர் மெல்லியதாகி எளிதில் மாட்டிக்கொள்ளும். அது ஒழுங்கான காந்தம். சுருக்கத்தைத் திருத்தி அனுப்பினேன். உங்கள் கையிலும் டெர்பியம் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஆகவே முதல் வேலை ஏசி காந்த ஏற்புத்திறன், அதாவது மாறும் புலத்துக்கு மாதிரி எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவீடு. இந்தத் துறையே அதில்தான் பிறந்தது: 1972-ல் கன்னெல்லாவும் மைடோஷும் தங்கத்தில் கொஞ்சம் இரும்பு கலந்த உலோகக் கலவையை மிகச் சிறிய புலத்தில் அளந்து கூர்மையான முகடு ஒன்றைக் கண்டார்கள். அதிர்வெண்ணைக் கூட்டினால் ஸ்பின் கிளாஸின் முகடு உயர்ந்த வெப்பநிலைக்கு நகரும். எவ்வளவு நகர்கிறது என்பதுதான் விஷயம். முகட்டின் வெப்பநிலையில் எத்தனை பங்கு, அதிர்வெண் பத்து மடங்கு கூடும் ஒவ்வொரு முறையும் நகர்கிறது என்று கணக்கிடுங்கள். செப்பு-மாங்கனீஸ் கலவையில் அது சுமார் 0.005. தங்கம்-இரும்பில் சுமார் 0.01. ஒன்றோடொன்று பேசாத நானோ துகள்களில் 0.1, அதற்கும் மேல். உங்கள் முகடு 10 கெல்வினில் என்றால், 1-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை போகும்போது செப்பு-மாங்கனீஸ் மாதிரி இருந்தால் 0.15 கெல்வின் நகரும், நானோ துகள் என்றால் 3 கெல்வின். முகட்டருகே அரை கெல்வினுக்கு ஒரு புள்ளி எடுத்தால் முதலாவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. 0.05 கெல்வினுக்கு ஒரு புள்ளியாவது எடுக்கச் சொல்லுங்கள். நேரம் கூடும், காசும் கூடும், ஆனாலும் அங்கே மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

அந்த 0.15 கெல்வினை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள், நான் முதன்முதலில் போட்டபோது அசந்துபோனேன். ஒவ்வொரு ஸ்பின்னும் தனித்தனியே ஒரு மேட்டைத் தாண்டுகிறது என்று வைத்து, அர்ரீனியஸ் சமன்பாட்டில் பொருத்தினால், மேட்டின் உயரம் 4700 கெல்வின் பக்கம் வருகிறது. ஒரு முயற்சிக்கு ஆகும் நேரமோ, தசமப் புள்ளிக்குப் பின் 200 சுழியங்களுக்கு மேல் போட்டு எழுத வேண்டிய விநாடி. ஒரு ஸ்பின் புரள இயற்கையில் ஆகும் நேரம் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு விநாடி, அதாவது 11 சுழியங்கள். 200 எங்கே, 11 எங்கே! தனித்தனியாகத் தாண்டுகின்றன என்ற அனுமானம் இங்கே உடைந்துபோகிறது. ஸ்பின்கள் சேர்ந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உறைகின்றன. உறையும் வெப்பநிலையை நெருங்க நெருங்க நேரம் அடுக்கு விதிப்படி விரிகிறது என்று பொருத்தினால் நியாயமான எண் கிடைக்கும். அந்த அடுக்கு 4-க்கும் 12-க்கும் நடுவில் விழுவது ஸ்பின் கிளாஸின் வழக்கம். ஒரு எச்சரிக்கை: அதிர்வெண் மூன்று முறை மட்டுமே பத்து மடங்கு கூடும் தரவில் எந்தச் சமன்பாடும் அழகாகப் பொருந்தும். பொருந்தியது என்பதைவிட, கிடைத்த எண் இயற்கைக்கு ஒத்ததா என்று பாருங்கள்.

இரண்டாவது சோதனை நினைவு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புலம் இல்லாமல் குளிரவைத்துக்கொண்டே வந்து, உறையும் வெப்பநிலைக்குக் கீழே ஓரிடத்தில், உதாரணத்துக்கு 8 கெல்வினில், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ நிறுத்துங்கள். பிறகு 2 கெல்வின் வரை குளிரவைத்து, சின்னப் புலம் கொடுத்து, சூடாக்கிக்கொண்டே அளங்கள். நிற்காமல் குளிர்ந்த கோட்டோடு ஒப்பிட்டால் சரியாக 8 கெல்வினில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நீங்கள் நின்ற இடம் அதற்கு நினைவிருக்கிறது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் உப்பை மரக்காலில் அளக்கும்போது பார்த்திருப்பீர்கள், நிரப்பியாயிற்று என்று நினைத்துத் தட்டினால் இறங்கும், மறுபடி தட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்கும், ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் குறைவாக. நிறுத்திய அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்பின்கள் அப்படி மெல்ல மெல்லத் தங்களைச் சரிசெய்துகொண்டே இருக்கின்றன. மூப்பு என்று இதைச் சொல்வார்கள், 1983-ல் சுவீடனின் உப்சாலாவில் தெளிவாக அளந்தார்கள். நினைவுச் சோதனையைப் புலத்தோடு குளிரவைத்துச் செய்யாதீர்கள். அந்த வழியில் சாதாரண நானோ துகள்களும் நினைவு காட்டிவிடும். புலமில்லாமல் நிறுத்தும்போது பள்ளம் விழுந்தால்தான் ஸ்பின்கள் கூட்டாக உறைந்ததற்கு அது சாட்சி. இன்னொன்று, மீக்கடத்திக் காந்தத்தில் முன்பு போட்ட புலத்தின் எச்சம் தங்கியிருக்கும். கருவி சுழியம் என்று காட்டுவது சுழியமாக இராது, பத்து இருபது அயர்ஸ்டெட் இருக்கலாம். புலத்தை மாற்றி மாற்றிக் குறைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.

தன்வெப்பம் கிடைத்தால் நல்லது. ஒழுங்கான காந்தமாக இருந்தால் கூரிய முகடு இருக்கும்; கண்ணாடியில் உறையும் வெப்பநிலையில் ஒன்றுமே தெரியாது, அதற்குக் கொஞ்சம் மேலே அகலமான மேடு மட்டும். உங்கள் 2-1-3 குடும்பத்தில் இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. டெர்பியம்-பலேடியம்-சிலிக்கன் சேர்மத்தில் காந்த ஒழுங்கோடு கண்ணாடித்தன்மையும் இருப்பதை, அதுவும் படிகத்தின் திசைக்குத் திசை அது மாறுவதை, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சம்பத்குமாரன் குழு 2003-ல் ஒற்றைப் படிகத்தில் காட்டியது. ஆகவே "காந்தமா, கண்ணாடியா" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முழுதாகத் தீர்த்துவைப்பது நியூட்ரான்தான். அதில் என் கைப்பழக்கம் குறைவு, பிறர் எடுத்த தரவைப் படித்துப் பயன்படுத்தியிருக்கிறேன், அவ்வளவே.

கோட்பாட்டுப் பக்கம் எது உறுதி, எது இன்னும் வழக்கில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா ஸ்பின்னும் எல்லா ஸ்பின்னோடும் இணைந்திருக்கும் ஷெரிங்டன்-கிர்க்பேட்ரிக் மாதிரிக்கு பாரிசி 1979-ல் தொடங்கிக் கண்ட தீர்வு சரி. கணிதவியலாளர் தலக்ராண்ட் 2006-ல் அந்தச் சூத்திரத்தை நிறுவினார், பாரிசிக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நம் மாதிரிகள் முப்பரிமாண உலகில், பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் வலுவாகப் பேசும் ஸ்பின்கள். அங்கே புலம் இல்லாதபோது உண்மையான கட்டமாற்றம் இருக்கிறது என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். புலம் கொடுத்த பிறகும் அந்த மாற்றம் நீடிக்கிறதா, பாரிசியின் படத்தில் உள்ளபடி எண்ணற்ற பள்ளத்தாக்குகள் இருக்கின்றனவா, இல்லை ஃபிஷரும் ஹ்யூஸும் சொன்ன துளிப் படம்தான் சரியா என்பது இன்னும் தீரவில்லை. உங்கள் ஆய்வேட்டில் இதற்குள் இறங்க வேண்டியதில்லை. அதேபோல, கியூரி-வைஸ் வெப்பநிலையை (இணைப்புகளின் கூட்டு வலுவைக் காட்டும் எண்) ஒழுங்கு வெப்பநிலையால் வகுத்து, 10-க்கு மேல் வந்தால் பலத்த தவிப்பு, குறைந்தால் தவிப்பு இல்லை என்று எழுதாதீர்கள். ஆக்சைடுகளில் அந்த அளவுகோல் நன்றாக வேலை செய்யும். ஆர்கேகேஒய் உள்ள உலோகத்தில் நட்பும் பகையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால், உள்ளே பலத்த சண்டை நடக்கும்போதும் கியூரி-வைஸ் எண் சிறியதாக வரலாம்.

வழிகாட்டியிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் சொன்னது தப்பு என்று போய் நிற்க வேண்டாம், தப்பு என்று இன்னும் யாருக்கும் தெரியாதே. "சார், ஏசி ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு எழுதலாமா?" என்று கேளுங்கள். அதுவரை ஆய்வேட்டில் "12 கெல்வினுக்குக் கீழே மீளாத்தன்மை தொடங்குகிறது" என்று எழுதுங்கள். அது உங்கள் தரவு சொல்வது, யாரும் மறுக்க முடியாது. முகடு நகர்ந்து, அந்த விகிதம் 0.01 பக்கம் வந்து, நினைவுப் பள்ளமும் விழுந்தால் ஸ்பின் கிளாஸ் என்று தைரியமாக எழுதலாம். விகிதம் 0.03, 0.05 என்று நடுவில் தொங்கினால், தனி ஸ்பின்கள் அல்ல, சிறு சிறு கூட்டங்கள் உறைகின்றன. கொத்துக் கண்ணாடி என்பதே பொருத்தம். உங்கள் பட்டனையோ தரவையோ நான் பார்க்கவில்லை, ஆகவே இதில் எது உங்களுடையது என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

கடைசியாக, அந்தப் பட்டனின் மீதித் துண்டுகளை எப்படி வைத்திருக்கிறீர்கள்? டெர்பியம் ஓரளவு தாங்கும், ஆனால் நம் கரைக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். நான் கொண்டுவந்த லாந்தனத் துண்டு ஒன்று, மூடி சரியாக இறுகாத புட்டியில் மண்டபம் ஊரில் ஒரு வாடைக்காலம் முழுக்க இருந்து, எடுத்துப் பார்த்தபோது வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. மேலே படியும் ஆக்சைடுக்கும் தன் காந்தம் உண்டு, ஏசி அளவீட்டில் அதுவும் சேர்ந்து வந்து உங்களைக் குழப்பும். துண்டுகளைச் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான புட்டியில் போட்டு, முடிந்தால் காற்றை உறிஞ்சி அடைத்து வையுங்கள். அளக்க அனுப்பும் நாளன்று மேல்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அனுப்புங்கள்.